பழைய ஆட்டக்காரர் யார்? பேஸ்பால் ரசிகர்களின் பெயர் விளையாட்டு

ஒரு வினாவோடு தொடங்குகிறேன். அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில், உடன் பிறந்த சகோதரர்கள் அடித்த ஹோம் ரன்களை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால், எல்லாரினும் மிகுதியாக அடித்த சகோதரர்கள் யார்? விடையை இப்பொழுது சொல்லப் போவதில்லை. அமெரிக்க வானொலியில் பேஸ்பால் வர்ணனை செய்வோர், ஆட்டத்தின் நடுவே இத்தகைய வினா ஒன்றைத் தொடுத்துவிட்டு, இரண்டு மூன்று இன்னிங்ஸ் கழிந்த பின்னரே விடை பகர்வது வழக்கம். அவ்வழக்கத்தை இன்று நானும் மேற்கொள்ள எண்ணுகிறேன்.

கிரிக்கெட்டை நன்கறிந்த நம் நேயர்களுக்குப் பேஸ்பாலைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஓர் அணிக்கு ஒன்பது பேர், இன்னிங்ஸும் ஒன்பது. பந்து வீசுபவர் பந்தைத் தரையில் படாமல் நேரே எறிகிறார். எதிரே நிற்பவர் உருண்டையான மட்டையால் அதை அடித்துவிட்டு, சதுரமாக அமைந்த நான்கு தளங்களைச் சுற்றி ஓடி வருகிறார். பந்து மைதானத்தின் வேலியைத் தாண்டி விழுமாயின் அது ஹோம் ரன். நம் சிக்ஸருக்கு ஒப்பானது. பெரிய லீகுகளில் உள்ள அணிகள் 30. ஒவ்வோர் அணியும் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்திற்குள் 162 ஆட்டங்கள் ஆட வேண்டும். ஏறத்தாழ நாள்தோறும் ஆட்டந்தான். ஒரு பந்துக்கும் மறு பந்துக்கும் இடையே சிறிது ஓய்வு கிடைக்கும். அந்த ஓய்வில்தான் நான் சொல்லவந்த விளையாட்டு பிறந்தது. 1921ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் தேதி பிட்ஸ்பர்க் நகரின் கே.டி.கே.ஏ. நிலையம் முதன்முதலாக ஒரு பேஸ்பால் ஆட்டத்தை ஒலிபரப்பிய நாள் முதல், அந்த இடைவெளிகளைப் பேச்சால் நிரப்புவது வர்ணனையாளர்களின் கடமையாயிற்று. புள்ளி விவரமும் பழங்கதையும் புதிர்களும் அதற்குக் கைகொடுத்தன. 2023இல் பந்து வீசுவதற்குக் கால வரம்பு விதித்து ஆட்டத்தின் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். பேச்சு மட்டும் குறைந்ததாகத் தெரியவில்லை.

விளையாட்டு மிக எளியது. ஒருவர் பழைய ஆட்டக்காரர் ஒருவரை மனத்தில் நினைத்துக்கொள்வார். மற்றவர் குறிப்புகளைக் கேட்டுப் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். "நினைத்துக்கொண்டேன். மூன்றாம் தளக் காவலர், இடக்கையால் அடிப்பவர்." "எத்தனை அணிகளுக்கு ஆடினார்?" "பெரும்பாலும் ஒரே அணிக்குத்தான். ஆனால் மூன்று ஊர்களில்." இங்கே கேட்பவர் சற்று யோசிப்பார். ஒரே அணி எப்படி மூன்று ஊர்களில் இருக்கும்? பிரேவ்ஸ் என்னும் அணி 1952 வரை பாஸ்டன் நகரில் இருந்தது. 1953இல் மில்வாக்கிக்குப் பெயர்ந்தது. 1966இல் அட்லாண்டாவுக்குச் சென்றது. இம்மூன்று ஊர்களிலும் அவ்வணிக்காக ஆடியவர் ஒருவரே. அவர் எடி மேத்யூஸ். பெயரைச் சொன்னவுடன் இருவரும் அடையும் மகிழ்ச்சி, இழந்த பொருளை மீட்டவர்களின் மகிழ்ச்சியை ஒத்தது.

சிறுவர்களுக்கு இவ்விளையாட்டைக் கற்பித்தவை மிட்டாய்க் கடைகள். டாப்ஸ் என்னும் நிறுவனம், சவைக்கும் பசை மிட்டாயோடு ஆட்டக்காரர்களின் வண்ணப் படம் பதித்த அட்டைகளை விற்றது. 1952ஆம் ஆண்டுத் தொகுதியில் மட்டும் 407 அட்டைகள். முன்பக்கம் படம்; பின்பக்கம் வாழ்க்கைக் குறிப்பும் ஆட்டக் கணக்கும். படத்தைக் கையால் மறைத்துப் பின்பக்கத்தை மட்டும் படித்துக் காட்டினால் புதிர் தயார். மிட்டாய் அன்றே கரைந்துவிடும். எண்கள் அறுபது வயது வரை கரைவதில்லை.

இங்கே ஒரு கேள்வி எழலாம். புகழ்பெற்ற வீரர்களை நினைவுகூர்வது இயல்பு, அதில் வியப்பென்ன? வியப்பு என்னவெனில், இவ்விளையாட்டில் புகழ்பெற்றவர்களுக்கு மதிப்புக் குறைவு. பேப் ரூத்தின் பெயரைச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இரண்டு மாதம் ஆடி மறைந்தவர், பெயர் பாதி நினைவில் நிற்பவர், ஒரே ஒரு நாள் களத்தில் நின்றவர் ஆகியோரைச் சொல்பவனே கெட்டிக்காரன். சிறிது காலமே பெரிய லீகில் இருந்து திரும்பியவரை, "ஒரு கோப்பை காப்பி அருந்தச் சென்றவர்" என்று அமெரிக்கர் வேடிக்கையாகக் கூறுவர். காப்பியை அவ்வளவு சிறிய காரியமாக நம்மவர் ஒப்புக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

அத்தகையோரில் முதன்மையானவர் மூன்லைட் கிரஹாம். 1905ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் தேதி நியூயார்க் ஜயண்ட்ஸ் அணிக்காக மைதானத்தின் வலப்புறத்தில் நின்றார். மட்டை பிடிக்கும் முறை தமக்கு வருமுன் ஆட்டம் முடிந்தது. அதன்பின் பெரிய லீகில் அவர் ஆடவே இல்லை. மருத்துவராகி, மின்னசோட்டா மாநிலத்தின் சிஸம் என்னும் சுரங்க ஊரில் நெடுங்காலம் பணிபுரிந்து 1965இல் மறைந்தார். இவரைப் பற்றி உலகம் அறிந்ததற்குக் காரணம் ஒரு பெரும் புத்தகம். 1969இல் மாக்மில்லன் நிறுவனம் வெளியிட்ட பேஸ்பால் கலைக்களஞ்சியம், கணிப்பொறியின் துணைகொண்டு தொகுக்கப்பட்டது. ஒரே ஆட்டம் ஆடியவருக்கும் அதில் ஒரு வரி உண்டு. கூப்பர்ஸ்டவுன் ஊரிலுள்ள பேஸ்பால் அருங்காட்சியகத்தின் வரலாற்றாசிரியர் லீ ஆலன், பழைய வீரர்களின் பிறப்பு இறப்பு விவரங்களைத் தேடித் திரட்டியதன் பயன் அது. அவர் 1969ஆம் ஆண்டு மே மாதமே காலமானார். டபிள்யூ. பி. கின்செல்லா என்னும் நாவலாசிரியர் அந்நூலில் கிரஹாமின் வரியைக் கண்டு, 1982இல் தாம் வெளியிட்ட நாவலில் அவரை ஒரு பாத்திரமாக்கினார். 1989இல் அது திரைப்படமாயிற்று. அறுபது ஆண்டுக்காலம் ஒருவரும் கேட்காத பெயர் இன்று புதிர்களில் மிக எளிதான விடையாகிவிட்டது.

அச்சில் வந்தவையெல்லாம் உண்மையென்று கொள்வதற்கும் இல்லை. 1912இல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்கு ஆடியதாக லூ ப்ராக்டர் என்றொருவரின் பெயர் பதிவேடுகளில் நெடுங்காலம் இருந்தது. தந்தி அலுவலர் ஒருவர் ஆட்டக் கணக்கை அனுப்பும்போது தம் பெயரையே நுழைத்துவிட்டார் என்று ஒரு கதை வழங்கிற்று. கதை எவ்வாறாயினும், அவர் பெயரில் இருந்த கணக்கு உண்மையில் பீட் காம்ப்டன் என்பவருக்கு உரியது என்று ஆராய்ச்சியாளர் கண்டனர். ப்ராக்டர் பதிவேட்டிலிருந்து நீங்கினார். இத்தகைய ஆராய்ச்சிக்கென்றே 1971ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கூப்பர்ஸ்டவுனில் பதினாறு பேர் கூடி ஒரு கழகம் நிறுவினர். அமெரிக்கப் பேஸ்பால் ஆராய்ச்சிக் கழகம் என்னும் அது இன்றும் நடைபெற்று வருகிறது.

புதிர்களில் சிக்கலானவை சிலவற்றைக் கூறாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. ஒரே நாளில் இரண்டு ஊர்களில் இரண்டு அணிகளுக்கு ஆடி, இரண்டிலும் வெற்றிகரமாகப் பந்தை அடித்தவர் யார்? ஜோயல் யங்பிளட். 1982ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் தேதி பகலில் சிகாகோவில் நியூயார்க் மெட்ஸ் அணிக்கு ஆடினார். ஆட்டத்தின் நடுவே, அவரை மான்ட்ரியல் அணிக்குக் கொடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. விமானம் ஏறிப் பிலடெல்பியா சென்று, அன்றிரவே புதிய அணியின் உடையில் களத்தில் இறங்கினார். அவர் அடித்த இரண்டு பந்துகளையும் வீசியவர்கள் ஃபெர்கூசன் ஜென்கின்ஸும் ஸ்டீவ் கார்ல்டனும். இருவரும் பின்னாளில் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றவர்கள்.

தமக்குத் தாமே விலையானவர் யார் என்பது மற்றொன்று. 1962இல் ஹாரி சிட்டி என்பவரைக் கிளீவ்லாந்து அணி மெட்ஸ் அணிக்கு அனுப்பியது. ஈடாக ஓர் ஆட்டக்காரரைப் பிறகு பெயர் குறிப்பிட்டுத் தருவதென்பது ஒப்பந்தம். சில வாரங்களில் மெட்ஸ் அணி ஈடாகத் திருப்பி அனுப்பியது ஹாரி சிட்டியையே!

அண்மையில் நிகழ்ந்தது இவை எல்லாவற்றையும் மிஞ்சிவிட்டது. 2024ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் தேதி பாஸ்டனில் நடந்த ஆட்டத்தில் டொரான்டோ அணியின் டேனி ஜான்சன் மட்டையோடு நின்றிருந்தபோது மழை குறுக்கிட்டது, ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த மாதம் அவர் பாஸ்டன் அணிக்கே மாற்றப்பட்டார். ஆகஸ்டு 26ஆம் தேதி விட்ட இடத்திலிருந்து ஆட்டம் தொடர்ந்தது. தாம் பாதியில் விட்ட முறையை வேறொருவர் முடிக்க, ஜான்சன் மட்டையாளருக்குப் பின்னால் பாஸ்டனுக்காகப் பந்து பிடிக்கும் இடத்தில் அமர்ந்திருந்தார். ஒரே ஆட்டத்தில் இரு தரப்புக்கும் ஆடியவர் பெரிய லீகின் வரலாற்றில் அவர் ஒருவரே.

கேட்க வேடிக்கையாக இருக்கின்றன. ஆயினும் இப்புதிர்களின் அடியில் ஒரு கடுமையான உண்மை கிடக்கிறது. "கொடுத்தார்கள்", "மாற்றினார்கள்", "விற்றார்கள்" என்னும் சொற்களை மனிதர்களைக் குறித்தன்றோ இதுவரை வழங்கினோம்? பேஸ்பாலில் நெடுங்காலம் அவ்வாறே நடந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரர் தம் அணிக்கே உரியவர். அணி விரும்பினால் அவரை மற்றோர் அணிக்கு மாற்றலாம். அவர் விரும்பி எங்கும் செல்ல இயலாது. 1969ஆம் ஆண்டு அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி, பன்னிரண்டு ஆண்டுகள் தனக்காக ஆடிய கர்ட் ஃபிளட் என்னும் கறுப்பின வீரரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியது. அவர் போக மறுத்தார். அவ்வாண்டு டிசம்பரில் பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதினார். பின்னர் வழக்குத் தொடர்ந்தார். 1972இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் அவர் தொடங்கிய எதிர்ப்பு வீண்போகவில்லை. 1975ஆம் ஆண்டு டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்னும் நடுவர், வேறு இரு பந்து வீச்சாளர்களின் முறையீட்டில், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் தம் விருப்பம்போல் அணி தேடலாம் எனத் தீர்ப்பளித்தார்.

ஃபிளட் எந்தெந்த அணிகளுக்கு ஆடினார் என்று யாரேனும் கேட்டால் கவனமாக விடை சொல்ல வேண்டும். சின்சினாட்டி, செயின்ட் லூயிஸ், 1971இல் பதின்மூன்றே ஆட்டங்கள் வாஷிங்டன் செனட்டர்ஸ். பிலடெல்பியா என்று சொன்னவர் தோற்றார். அந்த ஒரு தவறான விடைக்குள் ஒரு மனிதரின் வாழ்வு முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து.

ஆட்டக்காரர்கள் தாமே இடம் மாறத் தொடங்கிய பிறகு, யார் எங்கே ஆடினார் என்னும் புதிர் மேலும் வளம் பெற்றது. எட்வின் ஜாக்சன் என்னும் பந்து வீச்சாளர் 2019இல் தம் பதினான்காவது அணியில் சேர்ந்தார். 2025இல் ரிச் ஹில் அந்த எண்ணிக்கையை எட்டினார். இவ்விருவரும் புதிர்ப் பிரியர்களுக்குக் காமதேனு போன்றவர்கள். 2023இல் கணிப்பொறி வழியே பரவிய கட்டப் புதிர் ஒன்றில் இவர்களின் பெயர் எத்தனை முறை எழுதப்பட்டிருக்குமோ! மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்கள். மேலே மூன்று அணிகளின் சின்னங்கள், பக்கத்தில் மூன்று. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில், அவ்விரு அணிகளுக்கும் ஆடிய ஒருவர் பெயரை இட வேண்டும். வாய்ப்புகளும் ஒன்பதே. இதில் ஒரு நுட்பம் உண்டு. பலரும் எழுதிய பெயரை நீங்களும் எழுதினால் மதிப்பெண் கூடும்; கூடினால் நட்டம். எவரும் நினையாத பெயரை எழுதியவர்க்கே பெருமை. பழைய திண்ணைப் பேச்சின் அறத்தை இயந்திரமும் கற்றுக்கொண்டுவிட்டது போலும்.

நம் நாட்டவர் பெயர் எதையேனும் அக்கட்டத்தில் எழுத முடியுமா என்று கேட்கலாம். 2008இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியின் வழியாக, உத்தரப் பிரதேசத்தின் ஈட்டி எறியும் இளைஞர்களான ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் ஆகிய இருவரைப் பிட்ஸ்பர்க் அணி ஒப்பந்தம் செய்தது. இருவரும் கீழ்நிலை லீகுகளில் ஆடினர். பெரிய லீகை எட்டவில்லை. ஆகவே எழுத முடியாது.

விடைகள் என்றும் மாறாதவை என்று எண்ணிவிடலாகாது. "வாழ்நாள் முழுவதற்கும் கணக்கிட்டால் மிக உயர்ந்த அடிச் சராசரி யாருடையது?" என்ற வினாவுக்குப் பல தலைமுறைகளாக விடை டை காப் என்பதே, அவர் சராசரி 0.367. பத்து வயதுப் பிள்ளையும் அறிந்தது. ஆனால் 1947இல் ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணியில் இடம் பெறும்வரை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கறுப்பினத்தாரைப் பெரிய லீகுகள் சேர்த்துக்கொள்ளவில்லை. அவருக்கு முன் 1884இல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் டொலிடோ அணிக்கு ஆடியதும், அதன்பின் கதவு அடைபட்டதும் புதிர்க்காரர்கள் நன்கறிந்த செய்திகளே. அடைபட்ட கதவுக்கு வெளியே, கறுப்பினத்தார் தமக்கென லீகுகள் நடத்தினர். 1920 முதல் 1948 வரையிலான அத்தகைய ஏழு லீகுகளும் பெரிய லீகுகளே என்று 2020ஆம் ஆண்டு டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் 2,300க்கும் மேற்பட்ட அவ்வீரர்களின் கணக்குகள் அதிகாரபூர்வமான ஏட்டில் சேர்க்கப்பட்டன.

அன்று முதல் அவ்வினாவுக்கு விடை ஜாஷ் கிப்சன், சராசரி 0.372. பந்து பிடிக்கும் இடத்தில் ஆடிய அவர், 1947ஆம் ஆண்டு ஜனவரியில், ராபின்சன் களமிறங்குவதற்குச் சில மாதங்கள் முன்னர், தம் 35ஆம் வயதில் இறந்துபோனார். வில்லி மேஸ் 1948இல் பர்மிங்ஹாம் அணிக்காக அடித்த பத்து அடிகளும் சேர்ந்து, அவர் கணக்கு 3,283இலிருந்து 3,293 ஆயிற்று. கறுப்பினத்தார் லீகுகளில் ஆட்டங்கள் குறைவு, கணக்கேடுகளும் முழுமையில்லை, ஒப்பிடலாமா என்று முணுமுணுத்தோர் உண்டு. ஏடு முழுமையில்லாததற்கு அவ்வீரர்கள் பொறுப்பல்லர் என்பதே அதற்குத் தகுந்த மறுமொழி.

நினைவுகூர்தல் சிலருக்கு வெறும் பொழுதுபோக்கும் அன்று. 1980இல் ஆட்டக்காரர்களின் ஓய்வூதிய விதி மாற்றப்பட்டு, 43 நாட்கள் பெரிய லீகில் இருந்தாலே ஓய்வூதியத்துக்கு உரிமை உண்டு என்றாயிற்று. அதற்குமுன் ஆட்டத்தை விட்டு, நான்கு ஆண்டுப் பணியும் நிரம்பாதவர்களுக்கு அவ்விதி பொருந்தவில்லை. 2011இல்தான் அவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை வழங்க ஏற்பாடாயிற்று. அதுவும் அதிகம் போனால் பதினாயிரம் டாலர். புதிரில் யாருடைய பெயரைக் கண்டுபிடித்துக் கைதட்டுகிறார்களோ, அவர்களிற் சிலர் அத்தொகையை நம்பியே முதுமையைக் கழித்தனர்.

ஊர் பெயர்ந்த அணிகளைப் பற்றி முன்னே கூறினேன். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி 1957ஆம் ஆண்டோடு தன் ஊரை விட்டு லாஸ் ஏஞ்சலஸ் சென்றது. 1955இல் உலகத் தொடரை வென்ற அணி அது; புரூக்ளினுக்குக் கிட்டிய ஒரே வெற்றி அதுதான். மைதானத்தையும் இடித்துவிட்டார்கள். எஞ்சியவை பெயர்கள் மட்டுமே. ரீஸ், ஹாட்ஜஸ், ஸ்னைடர், ராபின்சன், கம்பனெல்லா என்று அவ்வூரார் அவற்றை வரிசை தவறாமல் சொல்லி வந்தனர். தில்லியிலும் கல்கத்தாவிலும் நான்கு பேர் கூடினால், ஊரில் தெப்பக்குளத்தின் எதிரே கடை வைத்திருந்தவர் பெயர் என்ன என்று தொடங்கி நள்ளிரவு வரை பேசுகின்ற நம் நேயர்களுக்கு, அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, தொடக்கத்தில் கேட்ட வினா. டிமாஜியோ சகோதரர்கள் என்று பலர் எண்ணியிருப்பீர்கள். ஜோ 361, வின்ஸ் 125, டாம் 87. மூவரும் சேர்ந்து 573. நல்ல விடை; ஆனால் சரியான விடை அன்று. மூவரும் அல்லர், இருவர். இருவரும் ஒரே அணியில், மில்வாக்கியிலும் அட்லாண்டாவிலும் ஆடியவர்கள். சேர்ந்து அடித்தவை 768. அவற்றுள் 755 ஹாங்க் ஆரன் அடித்தவை. 1962 முதல் 1971 வரை அவ்வப்போது களத்தில் தோன்றி, 1984இல் 45ஆம் வயதில் காலமான அவருடைய தம்பி டாமி ஆரன் அடித்தவை எஞ்சிய பதின்மூன்று.